ஓமந்தூரார் காலமும் பல்கலைக்கழக ஆசிரியர்களின் மனப்பாங்கும்: அரசியல், பொருளியல், சமயம், அறம்

ஆய்வுச் சுருக்கம்

உயர்கல்வி பெற்றவர்கள் அரசியலில் முற்போக்காளராகவும் சமயத்தில் ஐயவாதிகளாகவும் இருப்பர் என்ற கருத்து ஆய்வுலகில் நெடுங்காலமாக நிலவுகிறது. ஒருவரது சமய நிலை தெரிந்தால் அவரது அரசியல் நிலையையும் பொருளியல் நிலையையும் ஊகித்துவிடலாம் என்ற எண்ணம் அதனோடு சேர்ந்தது. இக்கட்டுரை அவ்விரு கருத்துகளையும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சென்னை மாகாணத்தில் கிடைக்கும் சான்றுகளைக் கொண்டு சோதிக்கிறது. திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்து, பட்டம் பெறாத உழவராக மாகாணத்தின் முதன்மை அமைச்சரான ஓ. பி. இராமசாமி ரெட்டியாரின் ஆட்சி (1947–1949) இதற்கு அளவுகோலாக அமைகிறது. அவ்வாட்சி எழுப்பிய நான்கு கேள்விகளில் பல்கலைக்கழகம் சார்ந்த அறிஞர்கள் எடுத்த நிலைகள் ஒரே கோட்டில் அமையவில்லை என்பதும், அவற்றைத் தீர்மானித்ததில் அவரவர் கொள்கையைப் போலவே பணிச்சூழலுக்கும் சமூக இருப்பிடத்துக்கும் பங்கு இருந்தது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: ஓமந்தூரார், சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம், வகுப்புவாரி ஆணை, இருவேல்பட்டு, கோயில் நுழைவு, இராதாகிருஷ்ணன் குழு.

1. முன்னுரை

பல்கலைக்கழக ஆசிரியர்களின் மனப்பாங்கை அளந்து பார்க்கும் முயற்சி மேலைநாடுகளில் நூறாண்டுகளைக் கடந்துவிட்டது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் லியூபா 1914-இல் அந்நாட்டு அறிவியலாளர்களிடம் கடவுள் நம்பிக்கை பற்றி வினவினார். பால் லாசர்ஸ்ஃபெல்டும் வாக்னர் தீலன்சும் 1955-இல் 165 கல்லூரிகளைச் சேர்ந்த 2,451 சமூக அறிவியல் ஆசிரியர்களின் அரசியல் அச்சங்களையும் சார்புகளையும் திரட்டி 1958-இல் நூலாக வெளியிட்டனர். எவரெட் லாடும் சீமோர் லிப்செட்டும் 1975-இல் வெளியிட்ட நூல், ஆசிரியர்கள் துறைவாரியாகப் பிளவுபட்டிருப்பதைக் காட்டியது. இந்தியாவைப் பொறுத்தவரை, எட்வர்டு ஷில்ஸ் 1950-களின் நடுவில் அறிவாளர் பலருடன் உரையாடி, மரபுக்கும் நவீனத்துக்கும் இடையே அவர்கள் நிற்கும் நிலையை 1961-இல் விவரித்தார்.

வினாநிரலுக்கு ஒருவர் தரும் விடை அவர் சொல்லிக்கொள்ளும் நிலையையே காட்டும். ஒரு சட்டம், ஓர் ஆணை, ஒரு வழக்கு, ஒரு பொதுவாதம் எதிர்ப்படும்போது அவர் செய்ததும் எழுதியதும் வேறு வகைச் சான்று. வரலாற்று ஆய்வாளனுக்குப் பெரிதும் கிடைப்பது இரண்டாவது வகையே. ஆகவே இக்கட்டுரை சட்டங்கள், ஆய்வறிக்கைகள், குழு அறிக்கை, நீதிமன்றத் தீர்ப்பு, அச்சேறிய சொற்போர் ஆகியவற்றின் வழியாகத் தன் பொருளை அணுகுகிறது. ஓமந்தூரார் ஆட்சியை மையமாகக் கொண்டாலும், மனப்பாங்கு ஈராண்டில் உருவாவதன்று என்பதால், அதற்கு முந்தைய முப்பதாண்டுச் சான்றுகளும் எடுத்தாளப்படுகின்றன.

2. ஓமந்தூரும் ஓமந்தூராரும்

அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில் திண்டிவனத்தை ஒட்டிய ஓமந்தூரில் 1895 பிப்ரவரி 1-ஆம் நாள் இராமசாமி ரெட்டியார் பிறந்தார். திண்டிவனத்தில் பள்ளிக்கல்வி பெற்ற அவர் கல்லூரிப் பட்டம் பெற்றவரல்லர். வேளாண் குடும்பத்தினரான அவர் காந்தியடிகளின் இயக்கத்தில் இணைந்து மாவட்டக் காங்கிரசின் முன்னணித் தலைவரானார். த. பிரகாசத்தின் அமைச்சரவை கவிழ்ந்தபின், 1947 மார்ச் 23 அன்று சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சரானார். நாட்டு விடுதலை நாளில் மாகாணத்தை ஆண்டவர் அவரே. கட்சிக்குள் எழுந்த எதிர்ப்பின் விளைவாக 1949 ஏப்ரலில் பதவி விலகினார்.

இரமண மகரிஷியிடத்தும் வள்ளலாரிடத்தும் ஆழ்ந்த பற்றுடையவர் அவர். அரசியலிலிருந்து விலகியபின் வடலூரில் தங்கிச் சன்மார்க்கப் பணியிலும் கல்விப்பணியிலும் ஈடுபட்டு, 1970 ஆகஸ்டு 25 அன்று மறைந்தார்.

அவரது ஈராண்டு ஆட்சியில் இயற்றப்பட்டவற்றைத் தொகுத்து நோக்குவது தேவை. 1947-இல் கோயில் நுழைவு உரிமைச் சட்டமும், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கும் சட்டமும் வந்தன. அவ்வாண்டு நவம்பரில் வகுப்புவாரி ஆணை திருத்தப்பட்டது. 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு அக்டோபர் 2 முதல் மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. அதே அரசுதான் 1948-இல் கருஞ்சட்டைப் படையைத் தடைசெய்தது. தமிழ்ப்பகுதிப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கி எதிர்ப்பைச் சந்தித்தது. வகுப்புவாரி உரிமையில் பெரியாரோடு ஒத்த திசையில் நின்றமையால் கட்சிக்குள்ளிருந்த எதிர்ப்பாளர் அவரைத் 'தாடியில்லாத இராமசாமி' என்று ஏசியதாக அரசியல் வட்டாரங்களில் வழங்கிவரும் செய்தியையும் இத்தடையையும் ஒருங்கே வைத்துப் பார்க்க வேண்டும். பத்திமானும் காந்தியருமான ஒருவரை எந்த ஓர் அணியிலும் முழுமையாக அடக்க இயலவில்லை. இதே கண்கொண்டு பல்கலைக்கழகத்தை நோக்குவோம்.

3. அரசியல்: வகுப்புவாரி ஆணையும் மதிப்பெண்ணும்

இன்றைய தமிழகப் பரப்பில் அன்றிருந்த பல்கலைக்கழகங்கள் இரண்டே: 1857-இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகமும், 1929-இல் சிதம்பரத்தில் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகமும். பின்னது ஓமந்தூர் இருந்த தென்னார்க்காடு மாவட்டத்திலேயே அமைந்தது. இந்நிறுவனங்களில் யார் படித்தனர் என்ற கேள்வியே மாகாண அரசியலின் அச்சாக இருந்தது. பார்ப்பனரல்லாதார் இயக்கம் தோன்றிய காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பதிவுபெற்றிருந்த 650 பட்டதாரிகளில் 452 பேர் பார்ப்பனர். பார்ப்பனரல்லாத இந்துக்கள் 124 பேர். ஏனையோர் 74 பேர். பல்கலைக்கழக ஆட்சிக்குழுவைத் தேர்ந்தெடுப்பதில் பதிவுபெற்ற பட்டதாரிகளுக்கு வாக்குரிமை இருந்ததால், இவ்வெண்கள் கல்வி நிலையோடு அதிகார நிலையையும் காட்டுவன.

நீதிக்கட்சிக் காலத்து ஆணை பன்னிரண்டு இடங்களைப் பகிர்ந்தளித்தது: பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 5, பார்ப்பனருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறித்தவர்களுக்கு 2, ஒடுக்கப்பட்டோருக்கு 1. ஓமந்தூரார் அரசு 1947-இல் இதனைப் பதினான்காக விரித்தது: பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனருக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. இத்திருத்தத்தின் புதுமை பிற்பட்டோரைத் தனிப் பிரிவாக இனங்கண்டதில் உள்ளது. பார்ப்பனரல்லாதார் என்ற பெரும்பிரிவுக்குள்ளேயே ஏற்றத்தாழ்வு உண்டு என்பதை அரசாணை ஒப்புக்கொண்டது. ஒடுக்கப்பட்டோர் பங்கும் பன்னிரண்டில் ஒன்று என்பதிலிருந்து பதினான்கில் இரண்டாக உயர்ந்தது. முஸ்லிம்களின் பங்கும் கிறித்தவர் உள்ளிட்ட பிரிவின் பங்கும் குறைந்தன.

அதே காலத்தில் உயர்கல்வியாளரின் கூட்டுக்குரலாக ஓர் அறிக்கை உருவாயிற்று. 1948-இல் நடுவண் அரசு அமைத்த பல்கலைக்கழகக் கல்விக்குழுவுக்கு, சென்னை மாநிலக் கல்லூரியில் முன்பு மெய்யியல் கற்பித்த ச. இராதாகிருஷ்ணன் தலைமை தாங்கினார். ஜாகிர் உசேன், தாராசந்த், மேகநாத சாகா முதலியோர் உறுப்பினர். கல்வி பெறும் உரிமை தனிமனிதனுக்கு உரியது, வகுப்புக்கு உரியதன்று என்பது 1949-இல் வெளிவந்த அவ்வறிக்கையின் அடிப்படை வாதம். சமூகங்களுக்கு இடங்களைப் பங்கிடுவது நாட்டைத் தனித்தனிக் குழுக்களின் தொகுப்பாகக் கருதுவதாகும் என்று அது அஞ்சியது.

1942 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய மருத்துவர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் அக்குழுவின் உறுப்பினர். அவருடைய இரட்டையரான ஆ. இராமசாமி முதலியார் நீதிக்கட்சியின் முதன்மைத் தலைவர்களுள் ஒருவர். அக்கட்சியின் 'ஜஸ்டிஸ்' இதழை நடத்தியவர். வகுப்புவாரி உரிமையை அரசியல் முழக்கமாக்கிய இயக்கத்துக்கு இவ்வளவு நெருக்கமான குடும்பத்தைச் சேர்ந்த கல்வியாளர், தனிமனிதத் தகுதியை முன்னிறுத்திய குழுவில் அமர்ந்திருந்தார். பிறப்பைக் கொண்டு ஒருவரது நிலையைக் கணிப்பது எத்துணை இடர் மிக்கது என்பதற்கு இது சான்று. குழுவின் அறிக்கை முழுவதையும் ஓர் உறுப்பினரின் தனிக்கருத்தாகக் கொள்ளலாகாது என்பது உண்மையே. ஆயினும் அவரது நிறுவனப் பொறுப்பு அவரை எந்த மொழியில் பேசும் அவையில் அமர்த்தியது என்பது கருதத்தக்கது.

ஓமந்தூரார் விலகியபின் இக்கேள்வி நீதிமன்றத்துக்குச் சென்றது. 1950-இல் மாநிலத்தின் நான்கு மருத்துவக் கல்லூரிகளில் 330 இடங்களும் நான்கு பொறியியல் கல்லூரிகளில் 395 இடங்களும் இருந்தன. மருத்துவ இடம் நாடிய செண்பகம் துரைராசனும் பொறியியல் இடம் நாடிய சீனிவாசனும் வழக்குத் தொடுத்தனர். சீனிவாசன் 450-க்கு 369 மதிப்பெண் பெற்றிருந்தார். உயர்நீதிமன்றம் 1950 சூலையிலும் உச்சநீதிமன்றம் 1951 ஏப்ரல் 9 அன்றும் ஆணை செல்லாது என்றன. அதனால் எழுந்த கிளர்ச்சியைத் தொடர்ந்து 1951 சூனில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது.

இவ்வழக்கில் பல்கலைக்கழக ஆசிரியர் எவரும் வாதி அல்லர், பிரதிவாதியும் அல்லர். எனினும் வழக்கின் மையத்தில் இருந்த மதிப்பெண் அவர்கள் வழங்கியது. வினாத்தாள் அமைத்தவரும் விடை திருத்தியவரும் அவர்களே. ஆகவே தகுதி என்பது அவர்களுக்கு அரசியல் நிலைப்பாடாகத் தோன்றாமல் தொழில்முறை ஒழுங்காகவே தோன்றியிருக்கக்கூடும் என்பது இக்கட்டுரையின் கருத்து. அரசு அதே மதிப்பெண்ணை மாணவரின் சமூகச் சூழலோடு சேர்த்துப் படித்தது. மோதல் இவ்விரு வாசிப்புகளுக்கு இடையே நிகழ்ந்தது.

4. பொருளியல்: இருவேல்பட்டு காட்டும் பார்வை

பொருளியல் மனப்பாங்கை அறிய ஓமந்தூர் இருக்கும் அதே விழுப்புரம் மாவட்டத்திலேயே ஓர் அரிய சான்று உள்ளது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக 1915-இல் வந்த கில்பர்ட் சிலேட்டர், அதற்கு முன் ஆக்சுபோர்டில் தொழிலாளர் கல்விக்கென நிறுவப்பட்ட ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அவர் தம் மாணவர்களுக்கு வினாநிரல் ஒன்றைத் தந்து, விடுமுறையில் தத்தம் ஊர்களை ஆராய்ந்து வரச்செய்தார். அவ்வறிக்கைகள் 1918-இல் நூலாயின. அவற்றுள் ஒன்று திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்திலுள்ள இருவேல்பட்டைப் பற்றியது.

அவ்வறிக்கையில் படியாள் முறை இடம்பெறுகிறது. திருமணம் போன்ற செலவுக்கு நிலக்காரரிடம் சிறுதொகை கடன் வாங்கும் கூலியாள், அதைத் தீர்க்கும்வரை அவருக்கே உழைக்கக் கட்டுப்படுகிறான்; கடன் தீர்வதில்லை; தந்தையின் கடன் மகனுக்கு இறங்குகிறது; நிலம் கைமாறும்போது படியாளும் உடன் கைமாறுகிறான். பட்ட வகுப்பு மாணவர் ஒருவரின் அறிக்கை இதைப் பதிவுசெய்தது சிலேட்டரின் வினாநிரலின் வெற்றி.

ஆயினும் இம்முறையின் எல்லையையும் சுட்ட வேண்டும். விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவன் தன் வீட்டிலிருந்தே ஊரைப் பார்க்கிறான். அன்று பல்கலைக்கழகம் சென்ற சிற்றூர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் நிலமுடைய குடும்பத்தினர். சாகுபடிச் செலவு, விளைச்சல், நிலவிலை, கடன்வட்டி ஆகியவற்றை அவனால் எளிதில் கேட்டறிய முடிந்தது. சேரியின் கணக்கை அவன் வெளியிலிருந்தே எழுத வேண்டியிருந்தது. அறிஞரின் நேர்மை எவ்வளவு இருந்தாலும், அவர் நிற்கும் இடம் அவருக்குத் தெரியும் பொருளை வரையறுக்கிறது.

பி. ஜே. தாமசும் கே. சி. இராமகிருஷ்ணனும் இவ்வூர்களை 1930-களின் பிற்பகுதியில் மறுபடியும் ஆராய்ந்து 1940-இல் வெளியிட்டனர். பெருமந்தத்தின் விலைவீழ்ச்சி உழவரை நொறுக்கியிருந்த காலம் அது. கடன், விலை, சந்தை ஆகியவை அன்றைய பொருளியலாளரின் தலையாய கவலைகளாயின. 1948-இன் ஜமீன் ஒழிப்புச் சட்டமும் இதே வகைக் கவலையின் அரசியல் வடிவமே: அரசுக்கும் உழவனுக்கும் இடையே நின்ற இடைத்தரகரை அது நீக்கியது. தென்னார்க்காடோ பெரும்பாலும் ரயத்துவாரி மாவட்டம். ஓமந்தூர், இருவேல்பட்டு போன்ற பகுதிகளில் நிலக்காரரே பட்டாதாரர். எனவே இச்சட்டம் அங்கிருந்த படியாளுக்கும் நிலக்காரருக்கும் இடையிலான உறவைத் தொடவில்லை. உழவரின் நலம் நாடிய முதன்மை அமைச்சரும், உழவரின் கடனை ஆராய்ந்த பேராசிரியரும் இந்த ஓரிடத்தில் ஒன்றுபட்டனர்: நிலமில்லாக் கூலியாள் இருவரின் திட்டத்திலும் விளிம்பிலேயே நின்றான்.

இக்குறையைப் பின்வந்த அறிஞர்களே நிரப்பினர். தர்மா குமார் 1965-இல் வெளியிட்ட நூல் சென்னை மாகாணத்தின் நிலமற்ற கூலியாட்களையே ஆய்வின் மையத்தில் வைத்தது. அவர்களின் இருப்பு ஆங்கிலேயர் ஆட்சிக்கு முந்தைய சாதியமைப்போடு பிணைந்தது என்று காட்டியது. 1971-இல் மால்கம் ஆதிசேசையா நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் வழியாக ச. குகனும் ஜோன் மென்ச்சரும் 1980-களின் தொடக்கத்தில் இருவேல்பட்டுக்கு மீண்டும் சென்றனர். ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கி. நாகராஜ் ஆகியோர் 2008-இல் அவ்வூரை ஆராய்ந்து, நிலக்கிழாரின் பிடி தளர்ந்ததையும் கூலியாட்கள் வேளாண்மைக்கு வெளியே வழி தேடிக்கொண்டதையும் விவரித்தனர். தொண்ணூறு ஆண்டுகளில் ஊர் மாறியதோடு ஊரைப் பற்றிக் கேட்கப்பட்ட கேள்வியும் மாறியது. நிலத்தின் வருவாயிலிருந்து உழைப்பின் நிலைக்கு ஆய்வு நகர்ந்தது.

5. சமயம்: பத்தியும் மறுப்பும்

கோயில் நுழைவுக்கு இராசாசி ஆட்சியின் 1939-ஆம் ஆண்டுச் சட்டம் வழி திறந்தது. 1947-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மாகாணம் தழுவிய உரிமையாக்கியது. இதை இயற்றிய அரசின் தலைவர் இறைமறுப்பாளர் அல்லர். சமயப்பற்றே சீர்திருத்தத்துக்கு அடிப்படையாக அமையலாம் என்பதற்கு ஓமந்தூராரும், அவரது கல்வியமைச்சரும் இராமகிருஷ்ண இயக்கத்தவருமான தி. சு. அவிநாசிலிங்கமும் எடுத்துக்காட்டுகள்.

பல்கலைக்கழகத்தில் சமய மனப்பாங்கு மூன்று வகையாக வெளிப்பட்டது. முதலாவது, நம்பிக்கையும் புலமையும் இணைந்த நிலை. சென்னைப் பல்கலைக்கழக மெய்யியல் துறைத் தலைவராக விளங்கிய தி. மு. ப. மகாதேவன் அத்வைத ஆய்வில் உலகப் புகழ் பெற்றவர். இளமையிலேயே இரமணரைக் கண்டு ஈடுபட்டவர். பிற்காலத்தில் அவரது மெய்யியலைப் பற்றி நூலும் எழுதியவர். ஓமந்தூராரும் அதே திருவண்ணாமலையை நாடியவர். ஒரே ஞானியிடம் கொண்ட பற்று ஒருவரிடத்தில் நூலாராய்ச்சியாகவும், மற்றவரிடத்தில் வள்ளலார் நெறியோடு கலந்து சட்டமாகவும் தொண்டாகவும் வெளிப்பட்டது. இரண்டில் ஒன்றை உயர்த்துவது இங்கு நோக்கமன்று. பத்தி என்ற ஒரே சொல் ஒருவரது சமூக நிலையை நமக்கு அறிவிக்காது என்பதே கருதத்தக்கது.

இரண்டாவது, சமய இலக்கியத்தை இலக்கியமாகக் காக்கும் நிலை. கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டும் என்ற வாதத்தை முன்வைத்த அறிஞர் அண்ணாவோடு, 1943 பிப்ரவரி 9 அன்று சென்னைச் சட்டக்கல்லூரி மண்டபத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர் ரா. பி. சேதுப்பிள்ளை சொற்போர் நிகழ்த்தினார். மார்ச் 14 அன்று சேலத்தில் நாவலர் ச. சோமசுந்தர பாரதியார் அண்ணாவை எதிர்கொண்டார். அவ்வுரைகள் பின்னர் 'தீ பரவட்டும்' என்னும் நூலாயின.

சோமசுந்தர பாரதியாரின் நிலை தனிக்கவனத்துக்கு உரியது. 1933 முதல் 1938 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராக இருந்த அவர், இராசாசி அரசின் கட்டாய இந்தியை எதிர்த்துத் திறந்த மடல் எழுதிப் போராட்டத்தின் முன்னணியில் நின்றவர். 'தசரதன் குறையும் கைகேயி நிறையும்' என்ற நூலால் இராமகாதையை மரபுக்கு மாறாகப் படித்துக் காட்டியவரும் அவரே. மொழி அரசியலில் திராவிட இயக்கத்தோடு தோளொத்து நின்ற அவர், காவியத்தைக் கொளுத்துவது என்றபோது எதிரணியில் நின்றார். அவரை மரபுவாதி என்பதா, எதிர்ப்பாளர் என்பதா? கேள்விக்குக் கேள்வி அவரது நிலை மாறுகிறது. ஆனால் தமிழ் என்ற ஒரே பற்றுக்கோடு இரண்டையும் இணைக்கிறது.

மூன்றாவது, வெளிப்படையான மறுப்பு. இதற்குக் கல்வி நிலையங்களில் இடம் குறுகலாகவே இருந்தது. மாகாணத்தின் ஆந்திரப் பகுதியில் தாவரவியல் ஆசிரியராக இருந்த கோரா, நாத்திகக் கருத்துகளுக்காக 1933-இல் காக்கிநாடாக் கல்லூரி ஒன்றிலிருந்து நீக்கப்பட்டார். இறுதியில் கல்லூரிப் பணியை விட்டே வெளியேறி நாத்திகப் பணியில் இறங்கினார். அதே பத்தாண்டில் தமிழகத்தின் பொதுமேடைகளில் சுயமரியாதை இயக்கம் இறைமறுப்பைத் தடையின்றி முழங்கியது. மேடையில் ஒலித்த கருத்து வகுப்பறை ஆசிரியரிடம் ஒலிக்கவில்லை என்றால், அவரிடம் அக்கருத்து இல்லை என்று முடிவுகட்ட இயலாது. நல்கையும் நன்கொடையும் தரும் சமூகத்தின் பொறுமை எல்லையையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இராதாகிருஷ்ணன் குழுவின் பரிந்துரை இவற்றுக்கு இடைப்பட்ட வழி. நாள்தோறும் சில நிமிடம் மௌனத் தியானம், முதலாண்டில் புத்தர், இயேசு, சங்கரர், இராமானுசர், முகம்மது, நானக், காந்தி முதலியோரின் வரலாறு, இரண்டாமாண்டில் பல சமய நூல்களின் பொதுப்பகுதிகள், மூன்றாமாண்டில் சமய மெய்யியல் என்று அது வகுத்தது. அரசு சமயம் சாராதிருக்க, பல்கலைக்கழகம் எல்லாச் சமயத்தையும் அறிவாக்கிக் கொள்ளலாம் என்பது அதன் நம்பிக்கை. கோயில் வாயிலில் யார் நிற்கலாம் என்ற கேள்வியைச் சட்டமன்றம் எடுத்துக்கொண்டது; சமயத்தின் உட்பொருள் யாது என்ற கேள்வியைக் கல்விக்குழு எடுத்துக்கொண்டது.

6. அறம்: பொது ஒழுக்கமும் புலமை ஒழுக்கமும்

ஓமந்தூரார் அரசின் அறநோக்கு காந்தியம் சார்ந்தது. மதுவிலக்கும் பொட்டுக்கட்டுத் தடையும் அதன் வெளிப்பாடுகள். தனிமனித ஒழுக்கத்தைச் சட்டத்தால் காக்கலாம் என்ற எண்ணம் இவற்றில் உண்டு. பல்கலைக்கழகம் சார்ந்தோரில் இதற்கு நெருங்கிய குரல் பச்சையப்பன் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் மு. வரதராசனாருடையது. 1949-இல் வெளிவந்த அவரது 'திருக்குறள் தெளிவுரை'யும், அவரது நாவல்களும் கடித இலக்கியமும் எளிய வாழ்வு, கட்டுப்பாடு, நேர்மை ஆகியவற்றைப் படித்த இளைஞரிடம் கொண்டுசென்றன. ஆனால் அவர் நாடிய வழி சட்டமன்று, வாசகரின் மனமாற்றமே.

புலமைக்கெனத் தனி அறமும் உண்டு. சான்று எங்கே இட்டுச்செல்கிறதோ அங்கே செல்வது என்பது அது. தமிழ்ப் பேரகராதியின் முதன்மைப் பதிப்பாசிரியராகவும், 1936 முதல் 1946 வரை சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைத் தலைவராகவும் பணியாற்றிய ச. வையாபுரிப்பிள்ளை இதன் சுமையைத் தாங்கியவர். தொல்காப்பியம் உள்ளிட்ட நூல்களுக்கு அவர் பிற்பட்ட காலங்களைக் குறித்தபோது, தமிழின் தொன்மையில் பெருமை கொண்ட பலர் அவரைத் தமிழ்ப்பகைவர் என்றே சாடினர். அவரது காலக்கணிப்புகளில் பல இன்று ஏற்கப்படுவதில்லை. ஆயினும் தம் முடிவு தம் மக்களுக்கு உவப்பாகாது என்றறிந்தும் வெளியிட்டமை புலமை ஒழுக்கத்தின்பாற்பட்டது. பொதுமக்களின் உணர்வை மதிப்பதும் ஓர் அறமே என்று எதிர்த்தரப்பு கருதியது. இரண்டு அறங்கள் மோதிய இடம் இது. ஒன்று அறம், மற்றது அறமின்மை என்று பிரிப்பது வரலாற்றுக்கு உதவாது.

7. நான்கையும் இணைத்து நோக்கல்

மேற்கண்ட சான்றுகளை ஒருங்கே வைத்தால் இரு செய்திகள் தெளிவாகின்றன.

முதலாவது, நான்கு துறை மனப்பாங்குகளும் ஒன்றையொன்று பின்தொடரவில்லை. பத்திமானான ஓமந்தூரார் இடப்பங்கீட்டை விரித்தார். நீதிக்கட்சிக் குடும்பத்தின் கல்வியாளர் தனிமனிதத் தகுதியைப் பேசிய குழுவில் இருந்தார். இந்தியை எதிர்த்தவர் கம்பனைக் காத்தார். தொழிலாளர் கல்வியிலிருந்து வந்த பொருளியலாளரின் ஆய்வு படியாளைப் பதிவுசெய்தும், நிலமுடையோர் வாயிலாகவே ஊரை அறிந்தது. இடது, வலது என்ற ஒற்றை அளவுகோலை இவர்கள்மீது வைத்தால் கிடைப்பது குழப்பமே.

இரண்டாவது, பணியமைப்பின் பங்கு. அரசுக் கல்லூரி ஆசிரியர் அரசு ஊழியர். நடத்தை விதிகள் அவரைக் கட்சி அரசியலிலிருந்து விலக்கி வைத்தன. அறக்கட்டளைக் கல்லூரிகளிலும் அண்ணாமலையிலும் இருந்தோருக்குச் சற்றே கூடுதல் இடம் இருந்தது. சோமசுந்தர பாரதியார், சேதுப்பிள்ளை, வையாபுரிப்பிள்ளை, தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் ஆகிய நால்வரும் சட்டம் பயின்று, வழக்கறிஞராக இருந்து, பின்னர் பல்கலைக்கழகம் புகுந்தவர்கள். இது தற்செயலன்று. தமிழில் உயர்பட்டம் பெறும் வழி குறுகலாக இருந்த அக்காலத்தில், ஆங்கிலப் பட்டமும் தமிழ்ப் புலமையும் ஒருங்கே உடையோர் வழக்கறிஞரிடையே கிடைத்தனர். எதிர்வாதியை நேருக்கு நேர் சந்திக்கும் பழக்கமும், சான்றைக் கொண்டு வழக்காடும் பழக்கமும் அவர்களோடு வந்தன. சட்டக்கல்லூரி மண்டபத்தில் பேராசிரியர் ஒருவர் இயக்கத் தலைவரோடு சொற்போர் புரிய முன்வந்ததன் பின்னணி இதுவாகலாம். ஆராய்ச்சிப் பட்டம் ஒன்றின் வழியே மட்டும் பணிக்கு வந்த பிற்காலத் தலைமுறையில் அத்தகைய பொதுவாதம் அருகியது ஆராயத்தக்கது.

8. முடிவுரை

கல்வி மிகுந்தோர் சமூக மாற்றத்துக்கு முன்னோடிகளாக இருப்பர் என்ற எதிர்பார்ப்பு ஓமந்தூரார் காலத்துச் சான்றுகளால் முழுமையாக உறுதிப்படவில்லை. முழுமையாகப் பொய்ப்படவும் இல்லை. கூலியாளின் நிலையைப் பல்கலைக்கழகம் 1918-லேயே அச்சில் பதிந்தது. அதை மையக் கேள்வியாக்க அதற்கு அரை நூற்றாண்டு பிடித்தது. தகுதி என்ற கருத்தைப் பல்கலைக்கழகம் தன் ஒழுங்காகக் கொண்டது. அத்தகுதியை அடையும் வாய்ப்பு யாருக்கு இருந்தது என்ற கேள்வியை, பட்டம் பெறாத ஓர் உழவரின் அரசு அதன்முன் வைத்தது. இரு தரப்பும் ஒன்றையொன்று திருத்தும் நிலையில் இருந்தன.

இன்று கல்வியாளரின் மனப்பாங்கை ஆராய முற்படுவோர் அவர்களின் நம்பிக்கைகளை மட்டும் வினவினால் போதாது. அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தனர், எவரிடம் ஊதியம் பெறுகின்றனர், எந்தக் கேள்வியின் முன் நிறுத்தப்பட்டனர் என்பவற்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். சென்னையில் ஓமந்தூரார் பெயர் தாங்கிய அரசினர் தோட்டத்தில் 2015 முதல் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்று இயங்கிவருகிறது. அதன் ஒவ்வோர் ஆண்டுச் சேர்க்கையிலும் மதிப்பெண்ணும் இடப்பங்கீடும் சேர்ந்தே கணக்கிடப்படுகின்றன. 1947-இல் எழுந்த கேள்வி இன்னும் அங்கே விடை தேடிக்கொண்டிருக்கிறது. அக்கல்லூரி போன்றவற்றில் இன்று கற்பிக்கும் ஆசிரியர்கள் அதை எவ்வாறு நோக்குகின்றனர் என்பது தனி ஆய்வுக்கு உரியது.